மிசிசிப்பி இடம் மாறியதில் மிஞ்சிய ஊர்கள்

மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் பக்கம் வரும் நம்மவர்கள் ஆர்ச் என்ற பெரிய வளைவின் மேலே ஏறிப் பார்த்து, மிருகக்காட்சி சாலை, தாவரவியல் பூங்கா என்று ஒரு சுற்று முடித்ததும், "இங்க வேற என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான். மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி இல்லினாய் மாநிலத்துப் பக்கம் போங்கள், அங்கிருந்து தெற்கே இறங்குங்கள். முதலில் மன்றோ கவுண்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), அதற்குக் கீழே ராண்டால்ஃப் கவுண்ட்டி. ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் போதும், கார் நெரிசல் எல்லாம் பின்னால் போய்விடும். ஒரு பக்கம் மக்காச்சோளமும் சோயாவும், இன்னொரு பக்கம் செங்குத்தான சுண்ணாம்புக்கல் பாறை, நடுவில் ஒற்றைச் சாலை. அந்தச் சாலையோரத்தில் முந்நூறு வருடக் கதை கிடக்கிறது, பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

போவதற்கு முன் நில அமைப்பை மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கிழக்கே மேடு, அதன் விளிம்பு நூறு இருநூறு அடி உயரப் பாறைச் சுவராக நிற்கும். மேற்கே ஆறு. இரண்டுக்கும் நடுவில் சில மைல் அகலத்துக்குத் தட்டையான படுகை. ஆறு பல்லாயிரம் வருடமாக வண்டல் கொட்டிக் கொட்டி உண்டாக்கிய நிலம் அது, விதை போட்டால் பொன் விளையும். ஆனால் கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஆறு இது. இந்த இரண்டு கவுண்ட்டியிலும் எந்த ஊருக்குப் போனாலும் கதையின் அடியில் ஒரே கேள்விதான் இருக்கும்: படுகையில் இருப்பதா, மேட்டுக்குப் போவதா?

இதற்குப் பெரிய சாட்சி காஸ்காஸ்கியா. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1703ல் கிறிஸ்தவப் பாதிரிமார்களும் காஸ்காஸ்கியா என்ற பூர்வகுடி மக்களும் சேர்ந்து வந்து தங்கிய ஊர் இது. காஸ்காஸ்கியா ஆறு மிசிசிப்பியோடு கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நாக்கு மாதிரியான நிலத்தில் இருந்தது. கனடாவிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், கோதுமை போட்டார்கள், அந்த மாவு படகில் ஏறி நியூ ஆர்லியன்ஸ் வரை போனது. 1741ல் பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயி இந்த ஊர் தேவாலயத்துக்கு ஒரு வெண்கல மணியைப் பரிசாகக் கொடுத்தார். அமெரிக்கா முழுக்கக் கொண்டாடும் பிலடெல்பியா சுதந்திர மணியை விட இது வயதில் மூத்தது. அப்புறம் 1778 ஜூலை 4ஆம் தேதி இரவு, ஜார்ஜ் ராஜர்ஸ் கிளார்க் என்ற அமெரிக்கத் தரப்பு இளம் தளபதி நூற்று எழுபதுக்கும் சற்று அதிகமான ஆட்களோடு வந்து, அதற்குள் பிரிட்டிஷார் கைக்கு மாறியிருந்த ஊரை ஒரு துப்பாக்கிக் குண்டு கூடச் செலவில்லாமல் பிடித்தார். அப்போது அந்த மணியை அடித்துக் கொண்டாடினார்கள். அதனால்தான் இன்றைக்கும் அதை மேற்கின் சுதந்திர மணி என்கிறார்கள்.

1809ல் இல்லினாய் தனிப் பிரதேசமானபோது இதுதான் தலைநகரம். 1818 டிசம்பர் 3ஆம் தேதி மாநிலமானபோதும் இதுவே முதல் தலைநகரம். 1820ல் தலைமை வண்டேலியாவுக்குப் போனது, ஊர் கொஞ்சம் மங்கியது. ஆனாலும் 1825ல், அமெரிக்க சுதந்திரப் போரில் உதவிய பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் அமெரிக்கச் சுற்றுப்பயணம் வந்தபோது இங்கே வந்து விருந்துண்டு போனார். அந்த அளவுக்குப் பெயர் இருந்தது.

சரி, அந்த ஊர் இப்போது எங்கே?

தண்ணீருக்கு அடியில். 1844ல் பெரிய வெள்ளம் வந்தது, அதற்குப் பிறகு கவுண்ட்டியின் தலைமையிடம் 1848ல் செஸ்டர் என்ற மேட்டு ஊருக்குப் போனது. புத்திசாலிகள் அப்போதே கிளம்பிவிட்டார்கள். இருந்தவர்களுக்கு 1881 ஏப்ரலில் முடிவு வந்தது. மிசிசிப்பிக்கும் காஸ்காஸ்கியா ஆற்றுக்கும் நடுவில் ஊருக்கு வடக்கே ஒரு குறுகிய கழுத்து மாதிரி நிலம் இருந்தது. வெள்ளத்தில் மிசிசிப்பி அதை அறுத்துக்கொண்டு காஸ்காஸ்கியா ஆற்றின் வழிக்குள் புகுந்துவிட்டது. புகுந்தது திரும்பவில்லை. சின்ன ஆற்றின் பாதையையே தன் பாதையாக்கிக்கொண்டு, அடுத்த இருபது வருடத்தில் கரையை அரித்து அரித்து, வீடு, கடை, தெரு, முதல் சட்டசபை கூடிய கட்டடம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தின்றது.

இதில் மனிதன் செய்த வேலையும் உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். 1817ல் முதல் நீராவிக் கப்பல் செயின்ட் லூயிஸ் வந்தது. அதற்கப்புறம் வருடத்துக்கு வருடம் கப்பல்கள் கூடிக்கொண்டே போயின, அத்தனைக்கும் எரிபொருள் கரையோர மரம்தான். வெட்டி வெட்டி விற்றார்கள். கரையைப் பிடித்துக்கொண்டிருந்த வேர்கள் போனதும் மண் சரிந்தது, ஆறு அகலமானது, ஆழம் குறைந்தது, அலைந்து திரிய ஆரம்பித்தது. 1881ல் நடந்ததை வெறும் இயற்கைச் சீற்றம் என்று எழுதிவிட்டுப் போகும் பலகைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஆறு இடம் மாறியதில் இன்னொன்றும் நடந்தது. மாநில எல்லை ஆற்றின் நடுவில்தான் ஓடியது. ஆறு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும், ஆனால் ஒரே பாய்ச்சலில் தாவினால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும் என்பது அமெரிக்கச் சட்டம். மிசிசிப்பி தாவியது, எல்லை நின்றுவிட்டது. அதனால் காஸ்காஸ்கியா என்று மிஞ்சிய நிலம் இன்றைக்கு ஆற்றுக்கு மேற்கே, மிசௌரி பக்கம் ஒட்டிக்கொண்டு இருக்கிறது, ஆனால் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே போக மிசௌரியில் செயின்ட் மேரி என்ற சிற்றூருக்குப் போய், பழைய ஆற்றுத் தடத்தின் மேல் இருக்கும் சின்னப் பாலத்தைத் தாண்ட வேண்டும். தபால் கூட மிசௌரி வழியாகத்தான் வருகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 21 பேர். ஒரு மாநிலத்தின் முதல் தலைநகரம், 21 பேர்!

இப்போது அங்கே இருக்கும் ஊர் பழைய ஊர் நின்ற இடமும் இல்லை, தள்ளிக் கட்டியது. ஒரு செங்கல் தேவாலயம், பக்கத்தில் அந்த மணிக்காக மாநில அரசு கட்டிய சின்ன நினைவுக் கட்டடம், சில வீடுகள், மீதி எல்லாம் வயல். 1993 வெள்ளத்தில், தண்ணீரைத் தடுக்கப் போட்ட மண் கரை உடைந்து, பழைய தடத்துக்கும் புது ஆற்றுக்கும் நடுவில் தீவாகிவிட்ட இந்த நிலம் முழுக்க முழுகியது, தேவாலயமும் மணியும் சேர்ந்தே முழுகின. திரும்பவும் கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்கள். நான் போகும் நாட்களில் பெரும்பாலும் அங்கே வேறு யாருமே இருந்ததில்லை. மணியின் முன்னால் நின்று எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆனால் காஸ்காஸ்கியாவை முதலில் அங்கே போய்ப் பார்க்காதீர்கள் என்பது என் கட்சி. முதலில் எதிர்க்கரையில், எல்லிஸ் குரோவ் பக்கத்தில் மேட்டின் மேல் இருக்கும் ஃபோர்ட் காஸ்காஸ்கியா பூங்காவுக்குப் போங்கள். கோட்டை என்று இப்போது இருப்பது புல் மூடிய மண் வரப்புகள் மட்டும்தான். அங்கே ஒரு பார்வையிடம் இருக்கிறது. கீழே மிசிசிப்பி ஓடுவது தெரியும், ஊர் இருந்த இடம் அதுதான். பக்கத்திலேயே காரிசன் ஹில் கல்லறைத் தோட்டம். 1890களில் ஆறு பழைய இடுகாட்டையும் அரிக்கத் தொடங்கியபோது, ஆயிரக்கணக்கானவர்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்து மேட்டுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். உயிரோடு இருந்தபோது மேட்டுக்கு வர மறுத்தவர்களை இறந்தபின் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் நின்று கீழே ஆற்றைப் பார்த்தபிறகுதான் தீவுக்குப் போக வேண்டும், அப்போதுதான் அந்த வெறும் வயலுக்கு ஒரு அர்த்தம் வரும்.

குன்றின் அடிவாரத்தில் பியேர் மெனார்ட் வீடு. 1766ல் கியூபெக் பக்கம் பிறந்து, இங்கே வந்து வியாபாரத்தில் பெரிய ஆளாகி, இல்லினாயின் முதல் துணை ஆளுநர் ஆனவர். அவர் அமெரிக்கக் குடிமகனாகிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தது என்பதால் அவருக்காகவே மாநில அரசியல் சட்டத்தில் தகுதி விதியைத் தளர்த்தினார்கள். முன்னால் நீளமான திண்ணை வைத்த, சரிவான கூரை போட்ட பிரெஞ்சு பாணி வீடு. கொஞ்சம் உயரத்தில், பாறையை ஒட்டிக் கட்டியதால் பிழைத்தது. நல்ல வீடு, பாருங்கள். பார்க்கும்போதே அந்த வீட்டில் வேலை செய்தவர்கள் அடிமைகள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படுகையின் கோதுமையை விதைத்து அறுத்ததில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளுக்கும், பிடித்து விற்கப்பட்ட பூர்வகுடி அடிமைகளுக்கும் பெரிய பங்கு உண்டு. இல்லினாய் என்றால் லிங்கன், லிங்கன் என்றால் விடுதலை என்று நாம் படித்துவிட்டு வருகிறோம், அதே மண்ணில் பிரெஞ்சுக்காரர்கள் வந்ததிலிருந்து முதல் நூறு வருடம் இப்படித்தான் இருந்தது. ஊருக்குப் பெயர் கொடுத்த காஸ்காஸ்கியா மக்கள் 1803ல் ஒப்பந்தம் போட்டு நிலத்தைக் கொடுத்தார்கள், 1832க்குப் பிறகு கான்சஸுக்குத் தள்ளப்பட்டார்கள், அங்கிருந்து ஓக்லஹோமா. இன்றைக்கு அவர்களின் சந்ததியினர் அங்கே பியோரியா பழங்குடியினரோடு ஒன்றாக இருக்கிறார்கள். மிசிசிப்பிக் கரையில் அவர்கள் பெயர் மட்டும் ஆற்றுக்கும் ஊருக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது வடக்கே கொஞ்சம் திரும்பி வருவோம். ஃபோர்ட் டி சார்ட்ர. இந்தக் கோட்டையைப் பற்றி எழுதத்தான் நான் உட்கார்ந்ததே.

நான் கடலூர்க்காரன். சின்ன வயதில் பாண்டிச்சேரி கடற்கரை என்பது எங்களுக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. பிரெஞ்சுக்காரன் கதை என்றால் டூப்ளே, லாலி, கடற்கரைச் சிலை, இவ்வளவுதான் தெரியும். இங்கே வந்து இந்தக் கோட்டையின் வரலாற்றைப் படித்தபோதுதான் அது அதே கதையின் மறுபாதி என்று தெரிந்தது. 1717ல் ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் பிரான்ஸில் மிசிசிப்பிப் பகுதிக்கென்று ஒரு கம்பெனி தொடங்கினார். 1719ல் அது பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு சேர்ந்து ஒரே கம்பெனி ஆனது. ஆக, பாண்டிச்சேரியில் துணி வாங்கி ஏற்றிய அதே கம்பெனிக்குத்தான் இந்த மக்காச்சோள வயல்களும் சொந்தம். 1720 வாக்கில் அந்தக் கம்பெனி ஆட்கள்தான் இங்கே முதல் கோட்டையை மரத்தில் கட்டினார்கள். வெள்ளியும் ஈயமும் கிடைக்கும் என்ற கனவில் வந்தார்கள், ஈயம் கிடைத்தது, வெள்ளி இல்லை. ஜான் லாவின் கம்பெனிப் பங்குகள் பாரிஸில் விண்ணுக்கு ஏறி 1720லேயே தரையில் விழுந்தன. 1731ல் கம்பெனி இந்தப் பகுதியை மன்னரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது.

மரக்கோட்டை வெள்ளத்தில் அழுகியது, இன்னொன்று கட்டினார்கள், அதுவும் அழுகியது. கடைசியில் 1750களில் கல்லிலேயே கட்டினார்கள். பிரேரி டு ரோஷே ஊருக்குப் பக்கத்துப் பாறையை உடைத்து, பதினைந்து அடி உயரச் சுவர், மூன்றடி கனம், நான்கு மூலையிலும் கொத்தளம். இந்தக் கண்டத்தின் நடுவில், கிட்டத்தட்ட காட்டுக்குள், இப்படி ஒரு கற்கோட்டை. ஆனால் ஒரு சண்டை கூட அதன் சுவரில் நடக்கவில்லை. பிரிட்டனோடு நடந்த ஏழாண்டுப் போரில் பிரான்ஸ் தோற்றது. இங்கே தோற்றது மாதிரியே நம் பக்கமும் தோற்றது, 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி விழுந்தது, பிரிட்டிஷார் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

1763 பிப்ரவரி 10ஆம் தேதி பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கிறதே, அந்த ஒரே காகிதம்தான் மிசிசிப்பியின் கிழக்குக் கரையை பிரிட்டனுக்கும் பாண்டிச்சேரியைத் திரும்ப பிரான்ஸுக்கும் கொடுத்தது. 1765ல் இரண்டும் நடைமுறைக்கு வந்தன. அந்த வருடம் இடிந்து கிடந்த பாண்டிச்சேரியைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆளுநராக வந்தவர் லா டி லாரிஸ்டன், ஜான் லாவின் சொந்தத் தம்பி மகன். அதே வருடம் அக்டோபரில், இந்த ஃபோர்ட் டி சார்ட்ரவில், பிரெஞ்சுத் தளபதி செயின்ட் ஆஞ்ச் கோட்டைச் சாவியை ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் காப்டன் ஸ்டெர்லிங்கிடம் ஒப்படைத்தார். எங்கள் பக்கம் கொடி ஏறிய வருடம் இங்கே கொடி இறங்கியிருக்கிறது. இதை முதன்முதலாக ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு கோர்த்துப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பு இன்னும் போகவில்லை. அமெரிக்காவில் எனக்கு ஒட்டாத இடம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு நிலம் அன்றிலிருந்து கொஞ்சம் சொந்தமானது.

பிரிட்டிஷார் கோட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆறு நெருங்கிக்கொண்டே வந்தது. 1772ல் ஆற்றுப் பக்கத்துச் சுவரே சரிந்து விழ, விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அப்புறம் ஆறும் மனசு மாறி மேற்கே விலகிவிட்டது. மீந்திருந்த கற்களை அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் வீடு கட்ட ஏற்றிக்கொண்டு போனார்கள், உள்ளே மரம் முளைத்துக் காடானது. தப்பியது ஒரே கட்டடம், வெடிமருந்துக் கிடங்கு. தடித்த சுவர், வளைவுக் கூரை, உள்ளே போனால் வெயில் காலத்திலும் குளிர். 1913ல் மாநில அரசு இடத்தை வாங்கியது, 1917ல் கிடங்கைச் செப்பனிட்டார்கள். இல்லினாயில் நிற்கும் மிகப் பழைய கட்டடம் இது என்று சொல்வார்கள். பெரிய வாயில் 1930களில் பழைய அடித்தளத்தின் மேல் திரும்பக் கட்டியது, வடக்குச் சுவர் அதற்கும் பிந்தியது. திரும்பக் கட்டாத கட்டடங்களுக்கு மரச்சட்டம் மட்டும் நிறுத்தி, இங்கே இப்படி ஒன்று இருந்தது என்று காட்டியிருக்கிறார்கள். அந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்தது. இல்லாததை இருப்பதாகக் காட்டாமல், இல்லை என்பதையும் சேர்த்துக் காட்டுகிறார்கள்.

ஜூன் தொடக்கத்தில் வருடா வருடம் இங்கே பெரிய கூடுகை நடக்கும். பதினெட்டாம் நூற்றாண்டு உடையில் ஆட்கள் வந்து கூடாரம் போட்டு, துப்பாக்கி சுட்டு, சமைத்து, சந்தை நடத்துவார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஏற்ற நாள் அது. ஆனால் கோட்டையை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் சாதாரண வார நாளில் போங்கள்.

கோட்டையிலிருந்து கிழக்கே நாலு மைலில் பாறையடியில் பிரேரி டு ரோஷே. 1722ல் உண்டான ஊர், இன்றைக்கும் 500 பேர் போல இருக்கிறார்கள். ஒரு புத்தாண்டுக்கு முந்தின இரவு அங்கே போக முடிந்தால் போய்விடுங்கள். லா கியானே என்று ஒரு பழக்கம். பழைய கால உடை போட்டுக்கொண்டு, பிடிலும் கிட்டாருமாக ஒரு கூட்டம் வீடு வீடாகப் போகும். வாசலில் நின்று வீட்டுக்காரரையும் வீட்டுக்காரம்மாவையும் வாழ்த்தி, சாப்பிடக் கொடு என்று பழைய பிரெஞ்சில் பாடும். பாடுபவர்களில் இன்றைக்குப் பிரெஞ்சு பேசத் தெரிந்தவர்கள் அநேகமாக இல்லை. தாத்தா பாட்டி பாடியதைக் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணியது. கொடி மாறியது, அரசு மாறியது, மொழியே போய்விட்டது, பாட்டு மட்டும் நிற்கிறது. ஊர் தொடங்கிய காலத்திலிருந்து ஒரு வருடமும் விட்டதில்லை என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

இந்த ஊர் 1993ல் பிழைத்த விதத்தையும் கேளுங்கள். அந்த வருட ஆகஸ்ட் 1ஆம் தேதி செயின்ட் லூயிஸில் ஆறு 49.58 அடிக்கு ஏறியது, அங்கே 30 அடி தாண்டினாலே வெள்ளம் என்று கணக்கு. அன்றைக்கு வடக்கே மன்றோ கவுண்ட்டியில் கரை உடைந்து, படுகைக்குள் புகுந்த தண்ணீர் பாறைக்கும் கரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தெற்கு நோக்கி வந்தது. அது வரும் வேகத்துக்கு பிரேரி டு ரோஷே தாங்காது. அதனால் கோட்டைப் பக்கம் தங்கள் ஆற்றுக் கரையைத் தாங்களே உடைத்து, ஆற்றுத் தண்ணீரை வேண்டுமென்றே உள்ளே விட்டார்கள். முன்னாலேயே தேங்கி நின்ற அந்தத் தண்ணீர், பின்னால் வந்த வெள்ளத்தின் அடியை வாங்கிக்கொண்டது. வயல்கள் முழுகின, கோட்டை முழுகியது, ஊர் நின்றது.

வால்மேயர் அப்படிப் பிழைக்கவில்லை. 900 பேர் போல இருந்த ஊர், முழுக்க முழுகி, தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. அவர்கள் எடுத்த முடிவு, மொத்தமாக ஊரையே மேட்டின் மேல் புதிதாகக் கட்டுவது. பள்ளிக்கூடம், தேவாலயம், தெரு எல்லாம் அங்கே போனது. இப்போது கீழே போனால் பழைய ஊரின் தெருக்கள் கட்டம் கட்டமாக அப்படியே இருக்கும், வீடுகள் மட்டும் ஒன்றிரண்டு தவிர இருக்காது, நடைபாதை புல்லில் தொடங்கிப் புல்லில் முடியும். பருவநிலை மாற்றத்தால் ஊர்களை இடம் மாற்றுவது பற்றி உலகமே பேசுகிறது, முப்பது வருடத்துக்கு முன்பே அதைச் செய்து காட்டிய ஊர் இது. இதைச் சுற்றுலா இடம் என்று யாரும் சொல்வதில்லை. பத்து நிமிடம் நிறுத்தி நடந்து பாருங்கள்.

வழியில் இருக்கும் மற்றதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபுல்ட்ஸ் ஊருக்குப் பக்கத்தில் பாறை மேல் ஏறிப்போகப் படிக்கட்டு இருக்கிறது, மூச்சு வாங்கும், ஆனால் மேலே இயற்கையான புல்வெளியும் படுகை முழுவதும் கண்ணுக்கு முன்னால் விரிவதும் இந்தப் பயணத்திலேயே நல்ல காட்சி. கோடையில் விரியன் வகைப் பாம்பு உண்டு, காலைப் பார்த்து வையுங்கள். மேய்ஸ்டவுன் 1852ல் ஜெர்மானியர்கள் தொடங்கிய ஊர், 1881ல் கட்டிய கல் பாலமும் கல் வீடுகளுமாக அப்படியே இருக்கிறது. மோடாக் பாறைக் குகையிடம், சாலையோரம் வெறும் பாறை மடிப்பும் ஒரு பலகையும்தான், ஆனால் ஒன்பதாயிரம் வருடத்துக்கு முன்பிருந்தே மனிதர்கள் தங்கிய இடம், 1950களில் தோண்டியபோது அடுக்கடுக்காகச் சமையல் சாம்பலும் எலும்பும் கருவிகளும் வந்தன. அவர்களும் பாறையடியில்தான் தங்கியிருக்கிறார்கள், படுகை நடுவில் இல்லை.

பிள்ளைகள் கூட வந்தால் செஸ்டரை விடாதீர்கள். மிசிசிப்பிக்கு மேல் மேட்டில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில்தான் 1894ல் எல்சி சீகர் பிறந்தார், பாப்பாயை வரைந்தவர். 1929 ஜனவரி 17ஆம் தேதி செய்தித்தாள் படக்கதையில் பாப்பாய் முதன்முதலாக வந்தான். நாம் ஊரில் டிவியில் பார்த்த அந்தக் கீரை மாமாதான்! ஊரில் ஃபிராங்க் ஃபீகல் என்று புகைக்குழாய் பிடிக்கும், சண்டைக்கு அஞ்சாத ஒரு ஆள் இருந்தார், அவரைப் பார்த்துத்தான் பாப்பாய் உருவானான் என்பது ஊர் வழக்கு. அந்தக் கதையில் வரும் ஆலிவுக்கும் விம்பிக்கும் கூட ஊரில் ஆள் காட்டுவார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் 1977ல் வைத்த வெண்கல பாப்பாய் சிலை, ஊருக்குள் தெருமுனைக்குத் தெருமுனை மற்ற பாத்திரங்களின் சிலைகள். வரைபடம் வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடச் சொன்னால் பிள்ளைகளுக்கு அரை நாள் போவதே தெரியாது. செப்டம்பரில் பாப்பாய் திருவிழாவும் உண்டு. செஸ்டர் பாலமும் சாதாரணமில்லை: 1942ல் திறந்தது, 1944ல் புயல் காற்றில் நடுப்பகுதி ஆற்றில் விழுந்தது, 1946ல் திரும்பக் கட்டினார்கள். செயின்ட் லூயிஸுக்கும் கேப் ஜிரார்டோவுக்கும் நடுவில் வண்டி போக இது ஒன்றுதான் பாலம்.

ஃபோர்ட் காஸ்காஸ்கியா மேட்டிலிருந்து தீவு கண்ணுக்கு எதிரே தெரியும், ஆனால் போய்ச் சேர இந்தப் பாலத்தைத் தாண்டி, மிசௌரியில் வடக்கே ஏறி, செயின்ட் மேரி வழியாக வளைந்து வர வேண்டும், இருபது மைலுக்குக் குறையாது. அப்படியே இன்னும் வடக்கே போனால் செயின்ட் ஜெனவீவ். இதுவும் பிரெஞ்சு ஊர், 1785 வெள்ளத்தில் அடிபட்டு மேட்டுக்கு நகர்ந்தது, சரியான நேரத்தில் நகர்ந்ததால் வீடுகள் மிஞ்சின. மரத்தூண்களை நெருக்கமாக நேரே மண்ணில் நட்டு, இடையில் களிமண் பூசிக் கட்டிய வீடுகள். அந்த மாதிரி வட அமெரிக்காவில் மிஞ்சியிருப்பது விரல் விட்டு எண்ணக்கூடியவை, அதில் மூன்று இங்கே இருக்கின்றன. இப்போது ஊரின் சில பழைய வீடுகள் தேசியப் பூங்காத் துறையின் கையில் இருக்கின்றன, விளக்கம் சொல்ல ஆளும் உண்டு, அதனால் கூட்டமும் இந்தக் கரையில்தான். அழகான ஊர்தான், ஆனால் நேரம் குறைவாக இருந்து ஒரு கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் இல்லினாய் கரையைத்தான் சொல்வேன். பிழைத்த ஊரை மட்டும் பார்த்தால் ஆற்றின் கதை பாதிதான் தெரியும்.

திரும்ப இல்லினாய் பக்கம் வர மோடாக் படகு இருக்கிறது, காரோடு ஏற்றி ஆற்றைக் கடத்திவிடும். ஆற்று மட்டம் ரொம்ப ஏறினாலோ இறங்கினாலோ ஓடாது, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். வழியில் சைவச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம். புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போனால் கோட்டை வளாகத்திலேயே மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஜனவரியில் போனால் ஆற்றோர மரங்களில் வெண்தலைக் கழுகுகள் உட்கார்ந்திருக்கும், தொலைநோக்கி எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் முந்தின நாளே செஸ்டரில் ஆறு எத்தனை அடி ஓடுகிறது என்று இணையத்தில் பார்த்துவிடுங்கள், வெள்ள நாளில் தீவுச் சாலையும் கோட்டைச் சாலையும் மூடியிருக்கலாம்.